சோரியாசிஸ் என்று சீட்டில் எழுதிவிட்டார்கள், இனி என்ன செய்வது?

தோல் டாக்டர் சீட்டில் ‘சோரியாசிஸ்’ என்று எழுதி, இரண்டு ஆயின்ட்மென்ட், அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருப்பார். வெளியே வரிசை நீளம். உங்களுக்குக் கிடைத்தது நாலைந்து நிமிடம்தான். அதற்குள் சொல்ல முடியாமல் போனதை, எதற்குப் பிறகு எது என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, இந்த நோயோடு பல வருடங்களாகக் குடித்தனம் நடத்துகிறவன். மருந்தையும் அளவையும் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். சோரியாசிஸை வேரோடு பிடுங்கி எறியும் மருந்து இன்று எந்த வைத்தியத்திலும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் நிறைய உண்டு, அவை நன்றாகவே வேலை செய்கின்றன. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூடத் தோல் சுத்தமாக இருக்கும், பிறகு ஒருநாள் திரும்ப வரும். சர்க்கரை, பிரஷர் மாதிரி கூடவே வைத்துக்கொண்டு ஆள வேண்டிய நோய் இது. இந்த நோயால் சீரழிந்தவர்களைவிட, ‘முழுசா குணமாக்கித் தர்றேன்’ என்றவர்களை நம்பிப் போய்ச் சீரழிந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வந்திருப்பது அதுதானா?

தோலில் எது வந்தாலும் ‘அலர்ஜி’ என்றோ ‘படை’ என்றோ சொல்லிவிடுகிறோம். நம் ஊர் வெக்கையில் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டமாகப் பரவுவது பெரும்பாலும் படர்தாமரை. அது பூஞ்சைத் தொற்று, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டும், ஓரம் தடித்து நடுவில் ஆறிக்கொண்டே போகும். சோரியாசிஸ் திட்டு நடுவிலும் தடித்தே இருக்கும். எல்லை தெளிவாகத் தெரியும், மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் அடுக்கு. இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால் என்று ஜோடியாக வருவது வழக்கம். தலை, முதுகின் கீழ்ப்பகுதி, தொப்புள், பிட்ட இடுக்கு ஆகியவையும் அதற்குப் பிடித்த இடங்கள்.

ஏமாற்றும் வேடங்களும் உண்டு. எந்த ஷாம்புவுக்கும் அடங்காமல், முடிக்கோட்டைத் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் இறங்கும் ‘பொடுகு’ சோரியாசிஸாக இருக்கலாம். பித்த வெடிப்பு என்று வருடக்கணக்கில் களிம்பு தடவும் குதிகாலும் அப்படித்தான். நகத்தில் குண்டூசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னப் பள்ளம் விழுவதையும், நகம் சதையைவிட்டுத் தூக்கிக்கொள்வதையும் நகச்சொத்தை என்று பூஞ்சை மருந்து போட்டு வீணாக்குவார்கள். திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள், அது தொழுநோயா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் படங்களில் சோரியாசிஸ் ரோஜா நிறத்தில் இருக்கும். நம் தோலில் அது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சாம்பல் பூத்த பழுப்பாகத் தெரியும். அதனால் படத்தைப் பார்த்து ‘எனக்கு இருப்பது அது இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொன்றும் உண்டு. செதிலும் தடிப்பும் போன பிறகு அந்த இடம் கருத்தோ வெளுத்தோ கிடக்கும். அது நோய் அல்ல, நோய் விட்டுப்போன தடம். பல மாதங்களில் தானாக மங்கும். தடத்தைப் போக்க ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட்டைத் தொடர்ந்து தேய்ப்பது புதியவர்கள் எல்லாரும் விழும் குழி.

யாரிடம் போவது? தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.டி.வி.எல். படித்தவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. அங்கே பலகையில் ‘தோல், பால்வினை, தொழுநோய்’ என்று சேர்த்து எழுதியிருப்பார்கள். இந்தியாவில் மூன்றும் ஒரே துறை, அவ்வளவுதான். அந்தப் பலகையைப் பார்த்து, தெரிந்தவர் யாராவது கண்டுவிடுவார்களோ என்று வாசலோடு திரும்பிய பெண்களை எனக்குத் தெரியும். தயங்காமல் உள்ளே போங்கள்.

போகும் நாளில் எண்ணெய், களிம்பு எதையும் பூசிக்கொண்டு போக வேண்டாம், செதில் மறைந்துவிடும். இதுவரை தடவிய ட்யூப்கள் எல்லாவற்றையும், பாதி காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பிரஷர், மனநலம், மூட்டுவலி என்று வேறு எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் அந்த அட்டையும் வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பெரும்பாலும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டிப் பூஞ்சை பார்ப்பார்கள், அல்லது மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துணுக்குத் தோல் எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

உள்ளே நடப்பது

அடித்தோலில் பிறக்கும் செல் மேலே ஏறி வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் மூன்று முதல் ஐந்து நாளில் ஏறிவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிவதுதான் நாம் காணும் செதில். இந்த அவசரத்தைக் கிளப்பிவிடுவது நம் நோய் எதிர்ப்பு மண்டலம். கிருமி எதுவும் இல்லாமலேயே அது தோலில் போர் தொடுக்கிறது. ‘ரத்தம் கெட்டுப்போச்சு’ என்று பேதிக்குக் கொடுப்பதில் பொருளில்லை.

கிருமி இல்லாததால் ஒட்டவும் ஒட்டாது. ஒரே தட்டு, ஒரே துண்டு, ஒரே படுக்கை, எதிலும் பரவாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று என்று சொல்வார்கள். அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை.

அளந்து வையுங்கள்

மருந்து தொடங்கும் முன் ஒரு வேலை. விரல்களோடு சேர்ந்த உங்கள் ஒரு உள்ளங்கை, உங்கள் உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். மொத்தத் திட்டும் எத்தனை உள்ளங்கை தேறும் என்று பாருங்கள். மூன்றுக்குள் என்றால் லேசானது, பத்துக்கு மேல் கடுமையானது, இடையில் நடுத்தரம். ஆனால் முகம், உள்ளங்கை, பாதம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வந்தால் அளவு குறைவானாலும் டாக்டர்கள் அதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்வார்கள். பாதம் முழுக்க வெடித்து நடக்க முடியாதவரிடம் ‘ரெண்டு சதவீதம்தானே’ என்று சொல்ல முடியுமா? ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து வையுங்கள். மருந்து கேட்கிறதா என்பதை ஞாபகத்தைவிடப் படம் சரியாகச் சொல்லும்.

அப்படியே மூட்டுகளையும் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருக்கிறதா, ஒரு விரல் மட்டும் முழுசாக வீங்கியிருக்கிறதா, குதிகாலை ஊன்ற முடியாமல் வலிக்கிறதா? சோரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பங்கினருக்கு மூட்டுவாதமும் வருகிறது, அதிலும் நகத்தில் நோய் இருந்தால் வாய்ப்பு கூடுதல். ஆரம்பத்திலேயே பிடிக்காவிட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடும். தோல் டாக்டரிடம் மூட்டைப் பற்றி எதற்குச் சொல்வது என்று விட்டுவிடாதீர்கள்.

குளியலும் எண்ணெயும்

மருந்தின் பாதி வேலையை ஈரப்பதம் செய்யும். சுடுதண்ணீரை வாரி ஊற்றிக்கொள்வது அப்போதைக்குச் சுகம், பிறகு அரிப்பு இரட்டிப்பு. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பீர்க்கங்கூடு, பிரஷ், கல் எதுவும் வேண்டாம். குளித்துத் துண்டால் ஒற்றி, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வெள்ளை வாசலினோ பூசுங்கள். விலை உயர்ந்த கிரீம்தான் வேண்டும் என்றில்லை. மார்கழிப் பனியிலும் நாள் முழுக்க ஏ.சி. அறையிலும் தோல் வறளும், அப்போது இரண்டு மூன்று தடவை பூச வேண்டியிருக்கும்.

தலைக்கு வேறு முறை. செதில் கெட்டியாக ஒட்டியிருக்கும்போது அதன்மேல் மருந்து போட்டால் தோலுக்குப் போய்ச் சேராது. இரவு எண்ணெய் வைத்து ஊறவிட்டு, அல்லது டாக்டர் எழுதிக் கொடுத்த சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தைத் தடவி, காலையில் பெரிய பல் சீப்பால் மெதுவாக வாருங்கள். நகத்தால் பெயர்த்தால் அந்தக் காயமே புதுத் திட்டாகும். தார் ஷாம்புவைப் போட்டதும் அலசிவிடாமல் ஐந்து பத்து நிமிடம் விட வேண்டும். நாற்றம் பிடிக்காது, தலையணை உறையில் கறை படும், ஆனாலும் காசுக்கு ஏற்ற நல்ல மருந்து.

ட்யூபில் இருப்பது என்ன?

முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட். ஸ்டீராய்டு என்றதும் பயந்து தூக்கி எறிய வேண்டாம். டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போட்டால் அது நல்ல மருந்துதான்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை நீளமாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். குளோபெட்டசால் போன்ற வீரியமானவை முழங்கை, முழங்கால், பாதம் போன்ற தடித்த தோலுக்கு. முகத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் அதைப் போடவே கூடாது, தோல் காகிதமாய் மெலிந்து வரிவரியாய்க் கிழிந்த தழும்பு விழும். வாரத்துக்கு 50 கிராம் என்பது அதன் உச்ச வரம்பு, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் இரண்டு நாள் என்று டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

ஸ்டீராய்டு இல்லாதவற்றில் முக்கியமானது கால்சிபோட்ரியால், வைட்டமின் டி வகை. மெதுவாக வேலை செய்யும், நாலு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். அதோடு சாலிசிலிக் அமிலம் சேர்ந்தால் மருந்து செயலிழந்துவிடும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போடாதீர்கள். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் டாக்ரோலிமஸ் எழுதுவார்கள். முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும்.

இனி மெடிக்கல் ஷாப். ‘அரிப்புக்கு ஏதாவது குடுங்க’ என்று கேட்டால் கைக்கு வருவது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்த ட்யூபாகத்தான் இருக்கும். இரண்டு நாளில் சரியானது போலிருக்கும், அதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் வகைகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் 2018ல் மத்திய அரசு சேர்த்தது. கவுண்டரில் நிலைமை பெரிதாக மாறவில்லை. பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்குவதும் இதே கதைதான்.

இதைவிடக் கொடியது ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும். ‘ஒரே ஊசி, பத்து நாள்ல பளிங்கு மாதிரி ஆயிடும்’ என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பளிங்கு ஆவதும் உண்மைதான். மருந்தின் வேகம் இறங்கியதும், முழங்கையில் மட்டும் இருந்தது உடம்பு முழுக்கச் சீழ்க்கொப்புளமாக வெடித்து ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும். ஊசி போடும் முன் ‘இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பூச்சு போதாதபோது

திட்டுகள் பரவலாக இருந்தால் அடுத்த படி ஒளி சிகிச்சை. 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிரை, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, ஒரு கூண்டுக்குள் நிற்க வைத்துக் கொடுப்பார்கள். வாரம் இரண்டு மூன்று முறை என்று இருபது, முப்பது தடவை ஆகும். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அரைநாள் லீவும் பஸ் செலவும் யாருக்குக் கட்டுப்படியாகும்? ஊருக்கு அருகில் இந்த வசதி இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். நடுவில் விட்டால் பலன் இல்லை. இளவெயில் பலருக்கு நல்லது செய்யும், தோல் கன்றும் அளவுக்கு நிற்கக்கூடாது.

மாத்திரைகளில் அதிகம் எழுதப்படுவது மெத்தோட்ரெக்சேட். விலை குறைவு, நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது, மூட்டுக்கும் கேட்கும். இதைப் பற்றி மட்டும் நிதானமாகப் படியுங்கள். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை. நம் வீடுகளில் மாத்திரை என்றால் தினமும் காலை, இரவு என்றுதான் பழக்கம். தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊறவைப்பதை நிறுத்திவிடும், உயிர் போன சம்பவங்கள் உண்டு. ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். ‘ஞாயிறு மட்டும்’ என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். வயதானவர் என்றால் மாத்திரையை அவர் கையில் விடாமல் வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் வேறு மாத்திரை, வேறு நாள். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

தொடங்கும் முன்னும் பிறகு அவ்வப்போதும் ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை கட்டாயம். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கசிவு வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் டாக்டரிடம் ஓடுங்கள். வேறு நோய்க்கு வேறு டாக்டரிடம் போனாலும் ‘மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரணக் கிருமி மருந்து இதோடு சேர்ந்தால் விபரீதம். மது அறவே கூடாது. கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது, குழந்தைக்குத் திட்டமிட்டால் பல மாதம் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். அசிட்ரெட்டின் என்ற இன்னொரு மாத்திரையை நிறுத்தி மூன்று வருடம்வரை கருத்தரிக்கக் கூடாது, ஆகவே இளம் பெண்களுக்குப் பொதுவாக அதை எழுத மாட்டார்கள்.

கடைசியாக பயாலஜிக் ஊசிகள். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் குறிப்பிட்ட ஒரு சமிக்ஞையை மட்டும் மறிப்பவை. அடலிமுமாப், செகுகினுமாப் போன்றவை இந்த வகை. பெங்களூரின் பயோகான் 2013ல் கொண்டுவந்த இட்டோலிசுமாபும் உண்டு. பலன் பலருக்கு வியக்கும்படி இருக்கிறது, விலையும் அப்படித்தான். போடும் முன் உடம்பில் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

எதைத் தொட்டால் கிளம்புகிறது?

தோல் காயம்பட்ட இடத்தில் புதுத் திட்டு வருவது இந்த நோயின் குணம். கீறல், கொசுக்கடியைச் சொறிந்தது, பச்சை குத்தியது, இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவும் அரைஞாண் கயிறும் உராயும் இடுப்பு எல்லாம் இதில் சேரும். மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் தலையில் நோய் அடங்கியிருக்கும் சமயமாகப் பார்த்து, கத்தி கீறாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் தொண்டைப்புண் வந்து இரண்டு மூன்று வாரத்தில் உடம்பெல்லாம் மழைத்துளி போலச் சின்னச் சின்னத் திட்டு கிளம்பலாம். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகு நோய் மோசமானவர்களும் உண்டு. லித்தியம், பிரஷருக்கும் படபடப்புக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை, குளோரோகுயின் ஆகிய மருந்துகள் தூண்டிவிடும். அட்டைகளை எடுத்துப் போகச் சொன்னது இதற்காகத்தான். நீங்களாக அவற்றை நிறுத்தாதீர்கள், மாற்று மருந்து கேளுங்கள். புகை, குடி, தொப்பை மூன்றும் நோயை வளர்க்கும். எடை குறைந்தால் மருந்து நன்றாகக் கேட்கும். மனக்கவலையும் கிளப்பும்.

சாப்பாட்டில்தான் ஊர் முழுக்க வைத்தியர்கள். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது என்று பட்டியல் நீளும். எல்லாருக்கும் ஆகாத ஒரு உணவு என்று சோரியாசிஸுக்கு எதுவும் நிரூபணமாகவில்லை. உங்களுக்கு ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் அதை மட்டும் விடுங்கள். பத்தியம் என்று எல்லாவற்றையும் விட்டுக் கஞ்சி குடித்து மெலிந்து போவதில் லாபமில்லை.

சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறத் தைலம் இறங்கும். அதைப் பூசி வறட்சியும் செதிலும் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வழியில் போக விரும்பினால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அல்லது அரசு மருத்துவமனை சித்தப் பிரிவுக்குப் போங்கள், இரண்டு பக்கமும் மறைக்காமல் சொல்லுங்கள். பேர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பொடியை மட்டும் வாயில் போடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் பாதரசமும் ஈயமும், ஏன், அரைத்துக் கலந்த ஸ்டீராய்டும் இருக்கக்கூடும்.

நாலு பேர் கேட்டால்

சலூனில் சீப்பை எடுக்கும் முன் முகம் சுளிப்பார்கள், பந்தியில் பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்காருவார். பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது: ‘இது தொத்து வியாதி இல்லண்ணே, தோல் வேகமா வளர்ற பிரச்சினை.’ அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் கடனில்லை. 2014ல் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானமே இதைத் தொற்றாத நோய் என்று சொல்லியிருக்கிறது. கல்யாணப் பேச்சில் மறைப்பது வேண்டாம் என்பது என் கருத்து. மறைத்த பிறகு வரும் கவலையே நோயைக் கிளப்பும். தூக்கம் கெட்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காமல், வாழ்வே வெறுப்பாகத் தோன்றினால் அதையும் நோயின் பகுதியாக எண்ணி டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த நோயோடு மனச்சோர்வு அதிகம் சேர்ந்து வருகிறது.

காத்திருக்கக் கூடாத நேரம்

உடம்பு ஏறக்குறைய முழுவதும் சிவந்து, தொட்டால் அனலாகக் கொதித்து, தோல் தாள் தாளாக உரிந்து, குளிர் நடுக்கமும் காலில் வீக்கமும் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காதீர்கள். காய்ச்சலோடு சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பினாலும் அப்படித்தான். இரண்டிலும் உடம்பின் நீரும் சூடும் தோல் வழியாகக் கசிந்துபோகும், உயிருக்கே ஆபத்து. பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் கையோடு கொண்டு போங்கள். சமீபத்தில் யாராவது ஊசி போட்டிருந்தால், ஏதாவது பொடியோ லேகியமோ சாப்பிட்டிருந்தால், திட்டுவார்களே என்று மறைக்காமல் அங்கே இருக்கும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.